நிக்கலில் கலந்த இரும்பு: நீரிலிருந்து ஹைட்ரஜன் பெறும் மலிவு வினையூக்கிகள்

உலகம் இன்று ஆண்டொன்றுக்குப் பயன்படுத்தும் ஏறத்தாழ 9.5 கோடி டன் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி, இயற்கை எரிவாயுவையோ நிலக்கரியையோ உயர்ந்த வெப்பத்தில் நீராவியோடு வினைபுரியச் செய்து எடுக்கப்படுவதாகும். உரத்துக்கு வேண்டிய அம்மோனியா, பெட்ரோலியச் சுத்திகரிப்பு, மெத்தனால் ஆகிய மூன்றும் இந்த ஹைட்ரஜனையே நம்பியிருக்கின்றன. எரிவாயு வழியில் ஒரு கிலோ ஹைட்ரஜன் கிடைக்கும்போது 9 முதல் 10 கிலோ வரை கரியமில வாயுவும் சேர்ந்தே பிறக்கிறது. நிலக்கரி வழியில் அது ஏறக்குறைய இரு மடங்காகிறது. ஆக, தன்னளவில் எரியும்போது நீரை மட்டுமே வெளிவிடும் இந்தத் தூய எரிபொருளின் உற்பத்தி ஆண்டுதோறும் 90 கோடி டன் அளவுக்குக் கரியமில வாயுவைக் காற்றில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. சூரிய ஒளியிலிருந்தும் காற்றிலிருந்தும் பெற்ற மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பிரித்து ஹைட்ரஜனை எடுத்தால் இந்தச் சுமை இல்லாமற்போகும் என்பது எல்லோரும் அறிந்ததே. இருந்தும் அந்த வழியில் கிடைக்கும் ஹைட்ரஜன் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. விலைதான் தடை. அந்த விலையைக் குறைப்பதற்கான தேடலின் மையத்தில், மின்வாய்களின் மேற்பரப்பில் சில நுண்மீட்டர் தடிமனுக்குப் பூசப்படும் உலோகப் பொருள்களான வினையூக்கிகள் இருக்கின்றன.

நீரை மின்சாரத்தால் பிரிக்கும் முறை புதியதன்று. 1789-இல் ஆம்ஸ்டர்டாமில் பேட்ஸ் வான் ட்ரூஸ்ட்விக், டைமன் என்னும் இருவர் உராய்வு மின் பொறியின் பொறிகளால் நீரை வாயுக்களாகச் சிதைத்துக் காட்டினர். 1800-இல் வோல்ட்டா தமது மின்கல அடுக்கைப் பற்றி அறிவித்த சில வாரங்களுக்குள்ளேயே லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் அத்தகைய அடுக்கைக் கட்டி, அதன் கம்பிகளை நீரில் அமிழ்த்தி, ஒரு முனையில் ஹைட்ரஜனும் மறுமுனையில் ஆக்சிஜனும் குமிழியிடுவதைக் கண்டனர். இருபதாம் நூற்றாண்டில் இது பெருந்தொழிலாகவும் வளர்ந்தது. நார்வேயின் ரியூக்கான் பள்ளத்தாக்கில் அருவிநீர் மின்சாரத்தைக் கொண்டும், இந்தியாவில் பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு பஞ்சாபின் நங்கலிலும், நீரைப் பிரித்துப் பெற்ற ஹைட்ரஜனிலிருந்து உரம் செய்யப்பட்டது. பின்னர் மலிவான எண்ணெயும் எரிவாயுவும் பரவலாகக் கிடைத்ததும் இந்த ஆலைகள் பின்தங்கின. பசுமை ஹைட்ரஜன் என்று இன்று பேசப்படுவதைப் புத்தம்புதிய கண்டுபிடிப்பாகக் கருதுவோர் நங்கலை நினைவில் கொள்வது நல்லது. அறியாத தொழில்நுட்பத்தை உருவாக்க வேண்டிய நிலையில் இன்றைய ஆய்வு இல்லை, அறிந்த தொழில்நுட்பத்தின் ஆற்றல் இழப்பைக் குறைக்க வேண்டிய நிலையிலேயே அது இருக்கிறது.

அந்த இழப்பு எங்கே நிகழ்கிறது என்பதை எண்களைக் கொண்டு பார்க்கலாம். நீர் மூலக்கூற்றைப் பிரிக்க, அறை வெப்பநிலையில், கோட்பாட்டளவில் குறைந்தது 1.23 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். வெளியிலிருந்து வெப்பம் எதையும் பெறாமல் வினை தன் தேவை முழுவதையும் மின்சாரத்திலிருந்தே ஈடுகட்ட வேண்டுமானால் அது 1.48 வோல்ட் ஆகும். ஆலைகளில் இயங்கும் மின்பகுப்புக் கலங்கள், அதாவது நீரைப் பிரிக்கும் பெட்டிகள், பெரும்பாலும் 1.8 முதல் 2 வோல்ட் வரை எடுத்துக்கொள்கின்றன. இடையிலுள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும், ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பெறச் செலுத்த வேண்டிய மின்னூட்டம் ஃபாரடேயின் விதிப்படி மாறாத அளவாக இருப்பதால், ஒவ்வொரு 0.1 வோல்ட் மிகைக்கும் கிலோவுக்கு ஏறத்தாழ 2.66 யூனிட் மின்சாரம் கூடுதலாகச் செலவாகிறது. 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் அறிவிக்கப்பட்ட இந்தியாவின் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தியை இலக்காகக் கொண்டுள்ளது. அந்த இலக்கு எட்டப்படுமானால், கலம் ஒவ்வொன்றிலும் வீணாகும் 0.1 வோல்ட்டின் விலை ஆண்டுக்குச் சுமார் 1,330 கோடி யூனிட் மின்சாரமாக இருக்கும். ஹைட்ரஜனின் அடக்க விலையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு மின்சாரத்துக்கே போகிறது என்பதைச் சேர்த்து எண்ணினால், மலிவு வினையூக்கி என்ற சொல்லில் உள்ள மலிவை உலோகத்தின் கிலோ விலையை மட்டும் வைத்து அளப்பது பிழையென்பது விளங்கும். விலை குறைந்த ஓர் உலோகம் 0.2 வோல்ட் கூடுதலாகக் கேட்குமானால், அதை வாங்குகையில் மிச்சமான பணம் மின் கட்டணத்திலேயே கரைந்துபோகும்.

வேதிவினையில் தான் தீர்ந்துபோகாமல் வினையின் வேகத்தைக் கூட்டும் பொருளே வினையூக்கி. 1.23 வோல்ட் என்ற அடிப்படைத் தேவையை எந்த வினையூக்கியாலும் குறைக்க முடியாது. அது இயற்கையின் கணக்கு. அதற்கு மேல், வினையைப் போதிய வேகத்தில் ஓட்டுவதற்காகக் கொடுக்க நேரும் கூடுதல் மின்னழுத்தத்தை, அதாவது மிகை மின்னழுத்தத்தை, மட்டுமே அது குறைக்கும். 1905-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த வேதியியலாளர் யூலியஸ் டாஃபல், மின்னோட்டத்தைப் பத்து மடங்காக்கும்போதெல்லாம் மிகை மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவால் கூடுகிறது என்று கண்டறிந்தார். அந்த அளவு சிறிதாக இருக்கும் பொருளே ஆலைக்கு உகந்தது. நீரைப் பிரிக்கும் கலத்தில் இரண்டு மின்வாய்கள் உள்ளன: எலக்ட்ரான்கள் வந்து சேரும் எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும், எலக்ட்ரான்கள் பறிக்கப்படும் நேர்மின்வாயில் ஆக்சிஜனும் பிறக்கின்றன. இரண்டு இடங்களிலும் தேவைகள் வெவ்வேறாக இருப்பதால் வினையூக்கிகளும் வெவ்வேறாகின்றன.

எதிர்மின்வாயின் தேவை ஒப்பளவில் எளிது. ஹைட்ரஜன் அணு உலோகப் பரப்பில் வந்து ஒட்ட வேண்டும், பிறகு இன்னொன்றோடு இணைந்து மூலக்கூறாகி விலக வேண்டும். பரப்பு அணுவை மிக வலுவாகப் பற்றினால் அது விலகாது. மிகத் தளர்வாகப் பற்றினால் ஒட்டவே ஒட்டாது. வினையூக்கியின் பிடி அளவாக இருக்க வேண்டும் என்னும் இந்தக் கருத்து, 1912-இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாட்டியேயின் பெயரால் வழங்குகிறது. 1972-இல் இத்தாலிய மின்வேதியியலாளர் செர்ஜியோ டிரசாட்டி, உலோகங்கள் ஹைட்ரஜனைப் பற்றும் வலிமையை ஒருபுறமும் அவற்றின் வினைவேகத்தை மறுபுறமும் வைத்து வரைந்தபோது, எரிமலையைப் போன்ற கூம்பு வடிவம் கிடைத்தது. அதன் உச்சிக்கு அருகே பிளாட்டினம் நின்றது. விலை குறைந்த உலோகங்கள் இரு சரிவுகளிலும் கீழே சிதறிக் கிடந்தன.

சரிவில் கிடக்கும் உலோகங்களைக் கலந்தும், பிற தனிமங்களோடு சேர்த்தும் உச்சியை நோக்கி நகர்த்துவதே பின்னர் வந்த ஆய்வின் பெரும்பகுதி. உயிரினங்களில் ஹைட்ரஜனை உண்டாக்கும் நொதிகளின் மையத்தில் பிளாட்டினம் கிடையாது. இரும்பும், சிலவற்றில் நிக்கலுமே கந்தகத்தோடு பிணைந்து அவ்வேலையைச் செய்கின்றன. அந்தக் குறிப்பைப் பின்பற்றிய டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மசகுப் பொருளாகவும் பெட்ரோலியத்திலிருந்து கந்தகத்தை நீக்கவும் நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்த மாலிப்டினம் டைசல்ஃபைடு என்னும் சேர்மத்தின் விளிம்பணுக்கள் ஹைட்ரஜனை ஏறக்குறைய சரியான வலிமையோடு பற்றும் என்று 2005-இல் கணித்தனர். 2007-இல் அதே பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையில், தங்கப் பரப்பில் வளர்த்த அச்சேர்மத்தின் நுண்தகடுகளை அணுவளவில் படமெடுத்து, வினைவேகம் தகடுகளின் பரப்பளவைச் சாராமல் அவற்றின் விளிம்பு நீளத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதைக் காட்டினர். வினை நிகழும் இடம் இதுதான் என்று விரல்வைத்துச் சுட்டிய அந்தச் சோதனை, தட்டையான பரப்பைக் குறைத்து விளிம்புகளைப் பெருக்கும் வழிகளை உலகெங்கும் தேடச் செய்தது. 2013-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் நிக்கல் பாஸ்ஃபைடு நுண்துகள்கள் அமிலத்திலும் சிறப்பாக வேலை செய்வதைக் காட்டினர். காரக் கரைசலைப் பொறுத்தமட்டில், நிக்கலும் மாலிப்டினமும் சேர்ந்த உலோகக்கலவையும், மரி ரேனி 1920-களில் உருவாக்கிய நுண்துளைகள் நிறைந்த ரேனி நிக்கலும் ஆலைக்குப் போதுமான தரத்தை எட்டிவிட்டன. ஹைட்ரஜன் பிறக்கும் பக்கத்தில் மலிவு உலோகங்களின் போராட்டம் பெருமளவு வென்ற போராட்டமே.

மறுபக்கமான நேர்மின்வாய் அப்படியன்று. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக, இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட வேண்டும்; இடையே மூன்று இடைநிலைப் பொருள்கள் உலோகப் பரப்பில் ஒட்டியும் மாறியும் செல்கின்றன. அவற்றுள் இரண்டு, ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் கொண்டதும், இரண்டு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் கொண்டதும், பரப்போடு ஒரே வகைப் பிணைப்பால் ஒட்டுவதால், எந்த உலோக ஆக்சைடை எடுத்தாலும் அவற்றின் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 3.2 எலக்ட்ரான் வோல்ட்டாகவே நிலைத்திருக்கிறது என்று கணக்கீடுகள் காட்டுகின்றன. இலட்சிய வினையூக்கியில் அந்த இடைவெளி, அதாவது இரண்டு படிகளுக்கும் சேர்ந்த தேவை, 2.46 மட்டுமே. மிஞ்சும் 0.74-ஐ இரு படிகளுக்கும் சமமாகப் பங்கிட்டாலும் படியொன்றுக்குச் சுமார் 0.37 வோல்ட் மிகையாகச் செலுத்த வேண்டியிருக்கும் என்பது அந்தக் கணக்கீடுகளின் மதிப்பீடு; கிணற்றடி ஏற்றத்தில் ஒரு முனையை இறக்கினால் மறுமுனை எழுவதைப்போல, ஒரு படியை எளிதாக்கினால் மற்றொன்று கடினமாகிவிடுகிறது. நீரைப் பிரிப்பதில் வீணாகும் ஆற்றலின் பெரும்பங்கு ஆக்சிஜன் பிறக்கும் பக்கத்தில் செலவாவதற்குக் காரணம் இதுவே.

ஆக்சிஜன் பக்கத்தில் எந்த உலோகம் நிலைக்கும் என்பதை, கலத்தினுள் இருப்பது அமிலமா காரமா என்பது தீர்மானிக்கிறது. புரோட்டான்களை மட்டும் கடத்தும் மெல்லிய நெகிழிச் சவ்வைப் பயன்படுத்தும் புரோட்டான் சவ்வுக் கலங்கள் கச்சிதமானவை. சதுர சென்டிமீட்டருக்கு 1 முதல் 2 ஆம்பியர் வரையான செறிந்த மின்னோட்டத்தைத் தாங்குபவை. சூரிய மின்சாரம் ஏறி இறங்குவதற்கு ஈடுகொடுப்பவை. ஆனால் அச்சவ்வின் சூழல் கடும் அமிலத்தன்மை கொண்டது. நேர்மின்வாயின் உயர் மின்னழுத்தமும் அமிலமும் சேர்ந்தால் நிக்கல், இரும்பு, கோபால்ட் எல்லாம் கரைந்துவிடுகின்றன. தாக்குப்பிடிப்பது இரிடியத்தின் ஆக்சைடே. 1803-இல் ஸ்மித்சன் டெனன்ட் கண்டுபிடித்த இரிடியம் தனிச் சுரங்கத்தில் கிடைப்பதில்லை. பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில் பிளாட்டினம் எடுக்கையில் உடன்விளைபொருளாகக் கிடைக்கும் அதன் உலக உற்பத்தி ஆண்டுக்கு 7 முதல் 8 டன் மட்டுமே. ஒரு ஜிகாவாட் திறனுள்ள புரோட்டான் சவ்வு ஆலைக்கு இன்றைய நிலையில் சுமார் 400 கிலோ இரிடியம் வேண்டும். இந்தியாவின் 50 லட்சம் டன் இலக்குக்கு 60 முதல் 100 ஜிகாவாட் வரையான மின்பகுப்புத் திறன் தேவைப்படும் என மதிப்பிடப்படுகிறது. 60 ஜிகாவாட்டையும் இவ்வகைக் கலங்களால் மட்டுமே அமைப்பதென்றால் 24 டன், அதாவது உலகின் மூன்றாண்டு உற்பத்தி முழுவதும், ஒரு நாட்டுக்கே போய்விடும். 2021-இல் அதன் விலை அவுன்சுக்கு 6,000 டாலரைத் தாண்டியது. விலை ஏறினாலும் சுரங்கங்கள் கூடுதலாகத் தர இயலாது என்பதே இங்குள்ள மெய்யான இடர். பிளாட்டினத்தின் தேவை கூடினால் ஒழிய இரிடியம் கூடாது.

காரக் கலங்களின் நிலை வேறு. நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த, 60 முதல் 90 பாகை செல்சியஸ் வரை சூடான கரைசலில் நிக்கல் அரிக்கப்படாமல் தன் மேல் ஒரு காப்பு ஆக்சைடை உருவாக்கிக்கொள்கிறது. இந்த நிக்கலைப் பற்றி அறிவியல் உலகம் நெடுங்காலம் கொண்டிருந்த புரிதல் தவறாக அமைந்து, பிறகு திருத்தப்பட்ட விதம், இத்துறையில் மிகுந்த கவனத்தோடு படிக்க வேண்டிய பகுதியாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடிசன் நிக்கல் மின்கலங்களைச் செய்த காலத்திலேயே, நிக்கல் மின்வாயில் இரும்பு கலந்தால் மின்கலம் கெடுகிறது என்பது தெரிந்திருந்தது. மின்னேற்றம் செய்கையில் சேமிக்கப்பட வேண்டிய மின்சாரம், இரும்பு இருக்குமானால், நீரைப் பிரித்து ஆக்சிஜனை வெளியிடுவதில் வீணானது. மின்கலம் செய்பவருக்கு நஞ்சாகத் தெரிந்த இந்தப் பண்பே நீரைப் பிரிப்பவருக்கு வேண்டிய மருந்து. ஆயினும் இரு துறைகளும் தனித்தனியே இயங்கியதால் இது பல பத்தாண்டுகள் உரிய கவனத்தைப் பெறவில்லை. 1987-இல் டென்னிஸ் காரிகன், நிக்கல் ஆக்சைடு மென்படலத்தில் மிகச் சிறிய அளவு இரும்பு கலந்திருந்தாலும் ஆக்சிஜன் வெளியேற வேண்டிய மிகை மின்னழுத்தம் வெகுவாகக் குறைகிறது என்று அளந்து காட்டினார். 2013-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் நடந்த ஆய்வு, நூற்றுக்கு 40 பங்கு இரும்பு கொண்ட நிக்கல்-இரும்புப் படலம், புதிதாகப் படியவைத்த நிக்கலைவிட ஏறக்குறைய நூறு மடங்கும், தனி இரும்பைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கும் வேகமாக ஆக்சிஜனை உண்டாக்குவதைக் கண்டது. தனித்தனியே சுமாரான இரண்டு உலோகங்கள் சேர்ந்தபோது, இரண்டின் சராசரியில் நிற்காமல், இரண்டையும் வெகுதூரம் விஞ்சிய ஒரு பொருள் கிடைத்தது.

அடுத்த ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த முடிவு இன்னும் ஆழமாகச் சென்றது. நிக்கல் ஹைட்ராக்சைடைக் காரக் கரைசலில் நெடுநேரம் ஊறவைத்தால் அதன் படிக அமைப்பு மாறி, வினையூக்கும் திறன் கூடுகிறது என்பது வெகுகாலமாகப் பாடநூல்களில் நிலைத்திருந்த விளக்கம். ஓரிகன் ஆய்வாளர்கள், கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் நுண்ணளவாகக் கலந்திருக்கும் இரும்பை முற்றிலும் நீக்கிய பின்னர் அதே சோதனையைச் செய்தனர். ஊறவைத்த நிக்கலின் திறன் கூடவே இல்லை. தூய நிக்கல் ஆக்சைடு உண்மையில் மிக மோசமான வினையூக்கி என்றும், இதுவரை நிக்கலின் பெருமையாக அளக்கப்பட்டுவந்தது கரைசலிலிருந்து ஓசையின்றி உள்ளே புகுந்த இரும்பின் வேலையே என்றும் தெளிவாயிற்று. எத்தனை ஆய்வகங்களில் எத்தனை ஆண்டுகள் எழுதப்பட்ட முடிவுகளை இந்தச் சிறு தூய்மைப்படுத்தல் மறுபரிசீலனைக்கு உள்ளாக்கியது என்பதை எண்ணும்போது, கரைசல் புட்டியின் மீதுள்ள தூய்மைச் சீட்டைப் படிப்பதும் அறிவியலின் உயர்ந்த கடமைகளுள் ஒன்று என்பது புலப்படும்.

இரும்பு அங்கே என்ன செய்கிறது என்பதில் கருத்து வேறுபாடுகள் இன்னும் தீரவில்லை. வினை நடந்துகொண்டிருக்கும்போதே ஊடுகதிர்களால் ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்ட் பகுதி ஆய்வாளர்கள் 2015-இல், நிக்கல் ஆக்சைடின் அடுக்குகளுக்குள் நெருக்கி உட்கார்ந்த இரும்பணு தன்னைச் சூழ்ந்த ஆக்சிஜன்களோடு வழக்கத்துக்கு மாறாகக் குறுகிய பிணைப்புகளைக் கொண்டிருக்கிறது என்றும், அந்த நெருக்கமே இடைநிலைப் பொருள்களைப் பற்றும் வலிமையைச் சரியான அளவுக்குக் கொண்டுவருகிறது என்றும் வாதிட்டனர். படலத்தின் உள்ளே இருக்கும் இரும்பு முக்கியமா, அடுக்குகளின் விளிம்பில் ஒட்டியிருக்கும் இரும்பு முக்கியமா என்பதும் விவாதத்தில் உள்ளது. விளக்கம் எதுவாயினும் பயன் ஐயத்துக்கு இடமற்றது: சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தில் நல்ல நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடு கேட்கும் மிகை மின்னழுத்தம் 0.25 முதல் 0.3 வோல்ட் மட்டுமே. காரக் கரைசலில் இரிடியம் ஆக்சைடும் இதை விஞ்சுவதில்லை. புவியோட்டில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்கு நிறைந்திருக்கும் இரும்பும், இரிடியத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு மிகுதியாகக் கிடைக்கும் நிக்கலும் இந்த இடத்தைப் பிடித்திருப்பது சிறிய செய்தியன்று.

ஆயினும் ஆய்விதழ்களில் வாரந்தோறும் வெளியாகும் மலிவு வினையூக்கிகளுக்கும் ஆலையில் இயங்குபவற்றுக்கும் இடையே அகன்ற பள்ளம் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது வாசகருக்குச் செய்யும் தீங்காகும். 10 மில்லிஆம்பியர் என்ற அளவு, சூரிய ஒளியை நேரடியாக ஹைட்ரஜனாக்கும் சாதனத்துக்கு ஏற்றதென்று வகுக்கப்பட்ட ஒப்பீட்டுப் புள்ளி. காரக் கலங்களுக்கு வழக்கமாக 200 முதல் 400 மில்லிஆம்பியர் தேவை. பல கட்டுரைகளில் வினையூக்கி, உள்ளே ஆயிரம் மடிப்புகள் கொண்ட நிக்கல் நுரையின் மீது பூசப்பட்டு, அந்த மடிப்புகளின் பரப்பையெல்லாம் கணக்கில் சேர்க்காமல் வெளியளவை மட்டும் கொண்டு வேகம் அறிவிக்கப்படுகிறது. எதிரே பிளாட்டினக் கம்பியை வைத்துச் சோதிக்கையில், அந்தப் பிளாட்டினம் சிறிது சிறிதாகக் கரைந்து வந்து சோதிக்கப்படும் மலிவுப் பொருளின் மேல் படிந்து, அதற்கு இல்லாத திறனை அளித்துவிடும் அபாயமும் அறியப்பட்டதே. இவற்றைவிடப் பெரிய இடைவெளி காலத்தில் உள்ளது: ஆய்வகத்தில் நூறு மணி நேரம் இயங்கினால் நிலைத்த வினையூக்கி எனப்படுகிறது, ஆலை வாங்குபவர் எதிர்பார்ப்பது 60,000 மணி நேரமும் அதற்கு மேலும்.

நீண்ட உழைப்பைப் பற்றிய சிந்தனை அண்மை ஆண்டுகளில் ஒரு முக்கியமான திசையில் திரும்பியிருக்கிறது. நிலைப்பது என்றால் மாறாமலிருப்பது என்றே முன்பு கருதப்பட்டது. 2008-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மேத்யூ கானனும் டேனியல் நோசெராவும் உருவாக்கிய கோபால்ட்-பாஸ்பேட் படலம் அந்தக் கருத்தை அசைத்தது. மின்னோட்டம் ஓடும்போது கரையும் கோபால்ட், கரைசலிலுள்ள பாஸ்பேட்டின் துணையோடு மீண்டும் படலத்தில் வந்து படிவதால், அது தன்னைத் தானே செப்பனிட்டுக்கொண்டது. நிக்கல்-இரும்பிலும் இத்தகைய போக்கே நடக்கிறது என்று 2020-இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தினர் காட்டினர்: பரப்பிலுள்ள இரும்பு ஓயாமல் கரைந்தும் மீண்டும் ஒட்டியும் வருகிறது, கரைசலில் நுண்ணளவு இரும்பு இருக்கும்வரை வேகம் குன்றுவதில்லை, அது இல்லாதபோது வினையூக்கி மெல்ல இறக்கிறது. மின்கலத்தாருக்கு நஞ்சாகவும், ஆய்வாளருக்கு அறியாத மாசாகவும் இருந்த அதே நுண்ணளவு இரும்பு, இப்போது திட்டமிட்டுக் கரைசலில் வைத்துக் காக்கப்பட வேண்டிய பொருளாகிவிட்டது.

பச்சை இலையும் இதே வழியில்தான் இயங்குகிறது. ஒளிச்சேர்க்கையில் நீரைப் பிரிக்கும் மையம், நான்கு மாங்கனீசும் ஒரு கால்சியமும் ஐந்து ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு கொத்து என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் 1.9 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் படிக அமைப்பாகக் காட்டினர். அரிய உலோகம் எதுவும் அதில் இல்லை. ஆனால் அந்தக் கொத்தைத் தாங்கும் புரதங்களுள் ஒன்று கடும் ஒளியில் விரைவில் சிதைவதால், தாவரம் அதை ஏறக்குறைய அரை மணிக்கு ஒருமுறை என்ற அளவில் கழற்றிப் புதிதாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. பல கோடி ஆண்டுகளில் பரிணாமம் கண்ட தீர்வு அழியாத வினையூக்கியைச் செய்வதில் இல்லை, அழிவதற்கேற்ப ஓயாது செப்பனிடுவதில் இருக்கிறது. ஆய்வகங்களும் அத்திசையில் நடக்கத் தொடங்கியிருப்பது நம்பிக்கை தரும் மாற்றம்.

அமிலச் சூழலில் இரிடியத்துக்கு மாற்றுத் தேடும் முயற்சிகளிலும் மாங்கனீசும் கோபால்ட்டுமே முன்னிற்கின்றன. ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தினர் 2022-இல் கோபால்ட்டும் மாங்கனீசும் கலந்த ஆக்சைடு ஒன்று, கடும் அமிலத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 200 மில்லிஆம்பியரில் இரண்டு மாதங்களுக்கு மேல் இயங்கியதை அறிவித்தனர். 2024-இல் பார்சிலோனாவில் உள்ள ஒளியணு அறிவியல் நிறுவனத்தினர், கோபால்ட் டங்ஸ்டேட்டிலிருந்து டங்ஸ்டனை ஓரளவு வெளியேற்றி, அந்த இடங்களில் நீரைச் சிறைப்படுத்தி, அந்நீர் கோபால்ட்டைக் கரையவிடாமல் காக்கும்படி செய்து, மெய்யான புரோட்டான் சவ்வுக் கலத்தில் 1 ஆம்பியரில் 600 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினர். 600 மணியும் 60,000 மணியும் வெகு தொலைவில் இருப்பவை. எனினும் பத்தாண்டுகளுக்கு முன்பு அமிலத்தில் கோபால்ட் சில மணி நேரம் நின்றாலே வியப்பாக இருந்தது.

இந்த ஆய்வில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாய் நன்கொடையிலும் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அரிமானம், மின்கலம், உலோகப் பூச்சு முதலியவற்றோடு, இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவற்றின் சல்ஃபைடு, பாஸ்ஃபைடு, ஹைட்ராக்சைடு வினையூக்கிகளையும் ஆராய்ந்து வருகிறது. மின்வாய்ப் பூச்சு, அரிப்பு, கரைசல் தூய்மை ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் அறியப்பட்ட இத்தகைய நிறுவனங்களே மலிவு வினையூக்கியை ஆய்வுக் கட்டுரையிலிருந்து ஆலைக்குக் கொண்டுசெல்லத் தகுதி பெற்றவை. ஏனெனில் சோதனைக்குழாயில் கிடைத்த சில மில்லிகிராம் தூளைப் பல சதுர மீட்டர் நிக்கல் வலையின் மேல், உதிராமல், சீராகப் பூசுவதே தனியொரு கலை.

சூரிய மின்சாரத்தோடு காரக் கலத்தை இணைக்கும்போது எழும் இடர்கள் இப்போது மிகுந்த கவனத்தைக் கோருகின்றன. மேகம் மறைத்து மின்சாரம் நிற்கும்போது, மின்வாய்களில் தேங்கிய மின்னூட்டம் எதிர்த்திசையில் பாய்ந்து, ஹைட்ரஜனுக்கான நிக்கல் பரப்பை ஆக்சிஜனேற்றம் செய்து கெடுக்கிறது. ஆண்டில் நூற்றுக்கணக்கான முறை இது நேர்ந்தால், தொடர் இயக்கத்தில் நீண்ட நாள் உழைக்கும் பூச்சும் விரைவில் தேய்ந்துவிடும். குறைந்த மின்னோட்டத்தில் இயங்கும்போது ஹைட்ரஜன் இரு மின்வாய்களுக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடந்து ஆக்சிஜனோடு கலந்து வெடிக்கும் நிலையை நெருங்குவதால், கலத்தை ஓரளவுக்குக் கீழே இறக்கி ஓட்டவும் இயலாது. இரவிலும் சிறிதளவு காப்பு மின்னோட்டத்தைச் செலுத்துவதும், எதிர்த்திசை மின்னூட்டத்தைத் தான் ஏற்றுக்கொண்டு மின்வாயைக் காக்கும் மேற்பூச்சுகளும் சோதிக்கப்படுகின்றன.

இவற்றுக்கெல்லாம் ஒரு விடையாகக் கருதப்படுவது, ஹைட்ராக்சைடு அயனிகளைக் கடத்தும் சவ்வைக் கொண்ட புதுவகைக் கலம். புரோட்டான் சவ்வின் கச்சிதத்தையும் செறிந்த மின்னோட்டத்தையும் அது தரும்; உள்ளே காரத்தன்மை நிலவுவதால் நிக்கலும் இரும்பும் போதும்; இரிடியத்துக்கு வேலையில்லை. ஆனால் நேர்மின்வாயில் வினையூக்கித் துகள்களை ஒட்டவைக்கும் நெகிழிப் பொருளையே அந்த வினையூக்கி ஆக்சிஜனேற்றம் செய்து அரித்துவிடுகிறது என்பதும், தூய நீரை மட்டும் செலுத்தினால் இரும்பு மெல்லக் கழன்று திரும்பி வராமற்போகிறது என்பதும் தெரியவந்துள்ளன. ஆகவே, இப்போது சந்தைக்கு வரும் இவ்வகைக் கலங்களில் பல, நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த நீரையே எடுத்துக்கொள்கின்றன. உலோகத்தின் விடை பெருமளவு கைக்கு வந்துவிட்ட நிலையில், அந்தச் சவ்வும் அதன் ஒட்டுப்பொருளும் 60 பாகை வெப்பத்தில் எத்தனை ஆயிரம் மணி நேரம் தாங்கும் என்பதைத்தான் ஆய்வகங்கள் இப்போது அளந்துகொண்டிருக்கின்றன.